நாலு புள்ளி எட்டு

உட்காருங்கள் கடைக்காரரே. கட்டிலின் ஓரமாக உட்காருங்கள், நடுவில் கயிறு தொய்ந்து கிடக்கிறது. ஆப்பிள் எல்லாம் எதற்கு? சரி, கொண்டுவந்துவிட்டீர்கள், வையுங்கள்.

மாப்பிள்ளை தவமணி வீட்டில் யாருக்கும் இந்த வாசலை மிதிக்க முகமில்லை, உங்களை அனுப்பியிருக்கிறார்கள். என் மகள் நாகஜோதியைத் திரும்ப அவனோடு வாழ அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் போலீசில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும். அதுதானே? பேசலாம். பேரம் பேசித்தான் நான் இந்த வீட்டையே கட்டினேன். ஆனால் உங்கள் ஊர்ப் பையனுடைய வலது கையை எதற்காக இரண்டு இடத்தில் உடைத்தேன் என்று தெரியாமல் நீங்கள் வாயைத் திறந்தால் நான் எழுந்து போய்விடுவேன். முதலில் கேளுங்கள்.

ஏழு வயதில் என்னை ஓர் ஆட்டுப்பட்டியில் விட்டார்கள். ஒரு குட்டி கிணற்றில் விழுந்ததற்கு முதலாளி என்னைத் தலைகீழாகக் கட்டி அதே கிணற்றுக்குள் தொங்கவிட்டான். பதினாறாவது வயதில் அவன் பல் மூன்றைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து இந்தச் சடையாண்டியை எவனும் ஏமாற்றியதில்லை. இல்லை, ஒருவன் ஏமாற்றினான். பத்து வெள்ளாட்டுக்கு எண்ணெய் தடவி மினுமினுவென்று நிறுத்தியிருந்தான். அவசரத்தில் கண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். எட்டு நாளில் ஆறு செத்தன. அடுத்த வியாழன் சந்தையில் அவனைத் தேடிப் பிடித்துத் தாடையைத் திருப்பினேன். இன்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் வெற்றிலை மெல்கிறான், போய்ப் பாருங்கள்.

கண் என்று எதைச் சொல்கிறேன் என்று கேளுங்கள். ஆடு வாங்க வருகிறவன் எல்லாம் முதுகைத் தடவுவான், பல்லைப் பார்ப்பான். நான் கட்டைவிரலால் கீழ் இமையை இழுப்பேன். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தால் ஆடு. வெளுத்திருந்தால் குடலில் புழு உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். அது எவ்வளவு தின்றாலும் ஒட்டாது. நடந்தால் மூச்சு வாங்கும். ஒரு மழைக்குத் தாங்காது. 'இது தேறாது, ஓட்டிக்கிட்டுப் போ' என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு இருநூறு கண் பார்ப்பேன். எனக்கு அதில் தப்பு வராது.

ஜோதிக்கு உங்கள் ஊரில் பேசியபோது தவமணியின் அம்மா ராசாத்தி பத்துப் பவுனில் பிடிவாதமாக நின்றாள். நான் ஜோதியைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன்.

"நிறத்தைப் பாருங்க சம்பந்தி. எங்க வம்சத்துல இப்படி ஒரு நிறம் உண்டா? நான் அட்டக்கருப்பு. இவ அம்மா அங்கம்மாவப் பாருங்க. இவளுக்கு மட்டும் சாமி கொடுத்த நிறம்."

ராசாத்தி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். "ஆமா, வெயிலே படாத பொண்ணு மாதிரித்தான் இருக்கா. விரலு எல்லாம் மெழுகு கணக்கா இருக்கு" என்றாள். பத்து, ஏழானது. நிறத்துக்கு மட்டும் மூன்று பவுன் குறைத்தேன் கடைக்காரரே. எழுந்து வரும்போது உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "யோவ், உன்கூட எல்லாம் மனுசன் பேச முடியாதுய்யா" என்றார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆறு மாதம் ஆகவில்லை, ராசாத்தி போன் மேல் போன் போட்டாள். "உங்க பொண்ணு குடத்தைத் தூக்கி நாலு எட்டு வெச்சா உட்கார்ந்துடறா. மத்தியானம் படுத்தா எழுப்ப முடியல. அரிசியைப் பச்சையா அள்ளி மெல்லுறா. நேத்து அடுப்புச் சாம்பலைத் தின்னுக்கிட்டு நிக்கிறா. பைத்தியத்தையா எங்க தலையில கட்டினீங்க?"

எனக்கு மானம் போய்விட்டது. உடனே பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே, ராசாத்தி பார்க்க, ஜோதியை இரண்டு அறை விட்டேன். கீழே விழுந்தாள். எனக்குப் பிறந்த பிள்ளை இரண்டு அறைக்கு விழுமா? நடிக்கிறாள் என்று தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மூன்றாவதும் கொடுத்தேன். "இனிமே படுத்தா நீங்களே கேளுங்க மாப்ள" என்று தவமணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் அப்படிச் சொல்வதுதான் மரியாதை. அதற்காக அவன் பெல்ட்டைக் கழற்றுவதா? வாரத்துக்கு இரண்டு நாள் பெல்ட். பக்கிளை முன்னால் விட்டு அடித்திருக்கிறான். நான் அடித்தது வேறு. பெற்றவன் அடி. அதில் வஞ்சகம் கிடையாது. என்ன பார்க்கிறீர்கள்? வேறுதான்.

அப்புறம் அவள் உண்டானாள். உங்கள் ஊர் நர்சு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ராசாத்தி கோழிக்கூடைக்குப் பின்னால் வீசியிருக்கிறாள். அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாம். நிறத்துக்குப் பவுனை விட்டவள் அல்லவா, கறுப்பாகப் பேரப்பிள்ளை வந்தால் அவளுக்கு நட்டம்.

எட்டாம் மாதம், துணி துவைக்கிற இடத்தில் ஜோதி அப்படியே சரிந்திருக்கிறாள். தவமணி வந்து, "எந்திரிடி, ஊரைக் கூட்டுறியா" என்று மிதித்திருக்கிறான். வயிற்றில் மிதித்தானா இடுப்பில் மிதித்தானா என்பதில்தான் இரண்டு பேச்சு இருக்கிறது. மிதித்ததில் இரண்டு பேச்சு இல்லை. பெண் குழந்தை. பிறந்தது, அழவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு நானும் அங்கம்மாவும் போய்ச் சேர்ந்தபோது ஜோதி ஒரு கட்டிலில் கிடந்தாள். போர்வைக்கும் அவளுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, "நாலு புள்ளி எட்டு. பன்னெண்டு இருக்கணும் ரத்தம். நாலு புள்ளி எட்டை வெச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் வேலை செஞ்சே?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டுக்கொண்டே ஜோதியின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பழக்கம், என்ன செய்வது. உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. ஒரு நரம்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. நான் யோசிக்கவே இல்லை கடைக்காரரே. சந்தையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "இது தேறாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜோதியும் பார்த்தாள். கண்ணைத் திறக்கவே தெம்பில்லாதவள், திறந்து பார்த்தாள்.

டாக்டரம்மா, "நீங்க யாரு?" என்றாள்.

"அப்பன்."

"எவ்வளவு நாளா இப்படி வெளுத்திருக்கா?"

"கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகுதுங்க."

"நான் கல்யாணத்தைக் கேக்கல" என்றாள் அவள்.

எனக்கு எதற்கு அந்தப் பேச்சு? முதல் பாட்டில் ரத்தம் ஏற ஆரம்பித்ததும் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் தவமணி நின்று பன் தின்றுகொண்டிருந்தான். டீயில் தொட்டுத் தொட்டுத் தின்றான். கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. முதல் அடி முட்டியில். "மாமா, மாமா" என்று கையைத் தலைக்கு மேல் வைத்தான். அந்தக் கையில்தான் இரண்டாவது. கரும்பை முறித்தது போலச் சத்தம் வந்தது. விழுந்தவனுடைய கையை இழுத்து சாக்கடைத் திண்டின் மேல் வைத்து, அதே கம்பியால் இன்னொன்று. அது இரண்டாவது இடம். இந்தக் கையால்தானே பெல்ட் பிடித்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நாலு பேர் பிடித்தார்கள். ஒருவன் காதைக் கடித்துவிட்டேன். அவன் பாவம், பிஸ்கட் வாங்க வந்தவன்.

எட்டு நாள் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது ஜோதி வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று பாட்டில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவள் பக்கத்தில் எங்கள் ஊர் நர்சம்மா, எஸ்தர் என்று பெயர், ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போலீஸ் மாதிரிக் கேள்வி கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல வாரா வாரம் ஒரு மாத்திரை கொடுப்பாங்களே, இவ சாப்பிட்டாளா?"

"எட்டாவதுல ஒருதடவை தின்னுட்டு வாந்தி எடுத்தா. போய் வாத்தியார் சட்டையைக் கிழிச்சேன். பிள்ளைகளுக்கு விஷமாடா குடுக்குறேன்னு நாலு பேர் முன்னாடி கேட்டேன். அதுக்கப்புறம் அவன் இவ பக்கமே வரல."

"சின்ன வயசுலயும் பச்சரிசி தின்னுவாளா?"

"தின்னுவா. கரண்டியைக் காய வெச்சுக் கையில ஒரு இழுப்பு இழுத்தேன். நிறுத்திட்டா."

"நிறுத்தலப்பா. நீங்க சந்தைக்குப் போனப்புறம் தின்னேன்" என்றாள் ஜோதி. சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"வயசுக்கு வந்ததுலருந்து மாசா மாசம் எத்தனை நாள் போச்சு?" என்று அந்த நர்சு என்னிடமே கேட்கிறாள்! ஆம்பளையிடம் கேட்கிற கேள்வியா அது? அங்கம்மாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒம்போது நாளு, பத்து நாளு" என்றாள். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறவள், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஆட்டு வியாபாரி வீடு. கறிக்குப் பஞ்சம் இருக்காது. ஈரல், சுவரொட்டி எல்லாம் யார் சாப்பிடுவீங்க?"

சுவரொட்டி தெரியும்தானே? ஆட்டு மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ரத்தம் ஊறுவதற்கு அதைப் போல ஒன்றும் கிடையாது. யார் சாப்பிடுவது என்றால்? நான் சாப்பிடுவேன், என் மகன் வீரமணி சாப்பிடுவான். அவன் கபடிக்காரன். நான் சந்தையில் அடிதடி பண்ணுகிறவன். ஆம்பளைகள் தின்ற பிறகுதான் பெண்பிள்ளைகள் உட்காருவார்கள், குழம்பு இருக்கும், எலும்பு இருக்கும், அதற்கு மேல் ஒரு டம்ளர் டீ. அதுதானே எல்லா வீட்டிலும். உங்கள் வீட்டில் வேறு மாதிரியா? சொல்லுங்கள் பார்ப்போம்.

அதை நர்சு நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, "இது நேத்து வந்த வியாதி இல்லண்ணே. அவ மாமியார் வீட்டுக்குப் போகும்போதே கொண்டுபோயிருக்கா" என்றாள்.

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து! அந்த நோட்டைப் பிடுங்கி எறிந்தேன். பெஞ்சைத் தூக்கிவிட்டேன். தலைக்கு மேல் தூக்கிவிட்டேன் கடைக்காரரே. ஒல்லிப் பொம்பளை, ஒரு அடிக்குத் தாங்கமாட்டாள். அவள் அசையவில்லை. பையைத் திறந்து சின்ன ஊசியை எடுத்தாள்.

"அடிங்கண்ணே. அதுக்கு முன்னாடி விரலைக் குடுத்துட்டு அடிங்க. எல்லாருக்கும் பார்க்கணும், எனக்கு நாலு தெரு பாக்கி இருக்கு."

என்ன செய்வீர்கள் அப்படி ஒருத்தியை? பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு விரலைக் கொடுத்தேன். எனக்குப் பதினஞ்சரை! வீரமணிக்குப் பதினாலு. அங்கம்மாவுக்கு ஆறு புள்ளி ஒன்பது. நர்சு அந்த மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். அதே ஆறு புள்ளி ஒன்பது. எங்கள் தெருவில் மட்டும் இருபத்திரண்டு பொம்பளைகளுக்குப் பார்த்தாள், பதினாலு பேருக்குக் குறைவு. ஒன்பது ஆம்பளைகளில் ஒருத்தனுக்குக் குறைவு, அவனும் மூலக்காரன், உட்கார முடியாதவன். ஊரிலேயே எனக்குத்தான் அதிகம். பதினஞ்சரை. அப்படியென்றால் நான் வைத்திருக்கிற குடும்பத்தில் சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்றுதானே அர்த்தம்? அதை அந்த நர்சிடம் சொன்னேன். அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

சரி, நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று இறங்கினேன். தேறாது என்று சொன்ன வாயால் தேற்றிக் காட்ட வேண்டாமா? அறுக்கிற ஒவ்வொரு ஆட்டிலும் சுவரொட்டி ஜோதிக்கு. ஈரல் ஜோதிக்கு. தின்னமாட்டேன் என்றால் பக்கத்தில் சாட்டையோடு உட்கார்ந்து தின்னவைத்தேன். முருங்கைக்கீரை, மாத்திரை, நெல்லிக்காய். சோற்றோடு டீ கேட்டால் டம்ளரைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். பண்டிகைக் கிடாய்க்குக் கூட நான் அப்படித் தீனி போட்டதில்லை. ஏழு மாதம். எட்டரை, ஒன்பதே முக்கால், பதினொன்று. போன மாதம் பன்னிரண்டு புள்ளி ஒன்று! நானே இமையை இழுத்துப் பார்த்தேன். செக்கச்செவேல். இப்போது இரண்டு கிடாயை இரண்டு கையில் கொம்பைப் பிடித்து இழுத்து வருகிறாள். நீங்கள் வரும்போது கதவைத் திறந்தது அவள்தான். உங்களுக்கு அடையாளமே தெரிந்திருக்காது. இப்போது என்னைப் போலக் கருப்பு.

நர்சு ஒவ்வொரு தடவையும், "அம்மாவுக்குக் குடுக்கிறீங்களா?" என்று கேட்பாள். குடுக்கிறேன், குடுக்கிறேன் என்பேன். ஓர் ஆட்டுக்கு எத்தனை சுவரொட்டி இருக்கும்? அங்கம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அவளை யார் பெண் பார்க்க வரப் போகிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை. இதைத்தான் சொல்ல வந்தேன், கேளுங்கள். ஆடுகளைக் குளிப்பாட்டிவிட்டுப் பசியோடு உள்ளே வருகிறேன். அங்கம்மா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு முன்னால்! தட்டில் சுவரொட்டி, முழுசாக, மிளகு போட்டு வறுத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். ஜோதி அவள் தோளை அழுத்தி, "நீ உட்காரும்மா" என்றாள்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. ஏழு மாதமாக யாருக்காக அறுத்தேன்? தட்டை எத்தினேன், சுவரில் போய் மோதியது. கையை ஓங்கினேன், அங்கம்மா கன்னத்துக்கு. கை இறங்கவில்லை.

ஜோதி மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

விடுடி என்றேன். விடவில்லை. மறு கையால் அவள் முகத்தில் ஒன்று விட்டேன், பலமாகத்தான் விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. நல்ல ரத்தம், அடர்ந்து இறங்கியது. அவள் விழவில்லை. என் கையை முதுகுப் பக்கம் முறுக்கி அப்படியே சுவரோடு சாய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. சந்தையில் நாலு பேர் பிடித்தும் நிற்காதவன் நான். "வீரமணி!" என்று கத்தினேன். அவன் வாசல்படி வரைக்கும் வந்து, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு மேட்ச் இருக்கு" என்று போய்விட்டான். கபடிக்காரன்!

"அம்மா, சிந்தினதை அள்ளிப்போடு. சட்டியில இன்னொண்ணு இருக்கு. சாப்பிடு" என்றாள் ஜோதி.

அங்கம்மா அழுதாள். "வேணாம்டி, அவரை விடு."

"நீ சாப்பிட்டு முடி. அப்புறம் விடுறேன்."

அங்கம்மாவுக்குக் கடைவாய்ப் பல் கிடையாது கடைக்காரரே. அவள் ஒரு சுவரொட்டியை மென்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அவ்வளவு நேரமும் சுவரில் மூக்கு பதிய நின்றேன். அவள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அங்கம்மா கை கழுவின பிறகுதான் ஜோதி விட்டாள். இங்கே பாருங்கள், நாலு விரலும் பதிந்திருக்கிறது. ஆறு நாள் ஆகிறது, இன்னும் நீலம் போகவில்லை. நான் ஏற்றிவிட்ட ரத்தம்! என் கையிலேயே காட்டுகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தப் பிடி இருக்கிறதே, அப்படி ஒரு பிடி, ஆம்பளைப் பிள்ளைக்கு இருந்தால்... சரி, அதை விடுங்கள்.

நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்றே தெரியும். நானும் கணக்காக மூன்று நிபந்தனை வைத்திருந்தேன். தனிக்குடித்தனம், பவுன் ஏழும் அவள் பெயரில், ராசாத்தி வந்து அங்கம்மா காலில் விழ வேண்டும். மூன்று கேட்டு இரண்டில் நிற்கலாம் என்று கணக்கு. ஜோதியிடம் சொன்னேன். தழை அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அம்மாவுக்குப் பத்து தாண்டுற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன். அதுக்கப்புறமும் அங்க போகமாட்டேன். என்னைய வெச்சு இனிமே யாரும் பேசக் கூடாது" என்றாள்.

அங்கம்மாவுக்கு இப்போது ஏழரை.

ஆகையால் என்னிடம் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை. உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் பட்டிக்குப் பின்னால் நிற்கிறாள், போய் நீங்களே கேட்டுப் பாருங்கள். அரிவாள் கையில் இருக்கும், பயப்படாதீர்கள், அது தழைக்குத்தான். ஆனாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். இப்போதெல்லாம் நானே அப்படித்தான் கேட்கிறேன்.